ஒற்றையடிப் பாதை

"இந்தப் பாதையைப் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் சர்வேயர்.

கூடாரத்துக்குள் மடக்கு மேசையின் மேல் மலைக்காட்டின் புது வரைபடம் விரிந்து கிடந்தது. அதைச் சரிபார்க்க நேரிலேயே வந்துவிட்டார் தலைமை அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். இல்லாத கோடு ஒன்று அவர் கண்ணில் பட்டால் போதும், வரைபடம் குப்பைக்குப் போகும். போட்டவன் வீட்டுக்குப் போவான்.

"போன வருஷம் விமானத்துல எடுத்த படத்துல இப்படி ஒண்ணும் இல்லியே?"

"மரம் மறைச்சிருக்கும் மேடம்."

"புல்வெளியில ஏதுய்யா மரம்? கிளம்பு, போய்ப் பார்த்துடுவோம்."

அவன் மெதுவாக வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டான்.

ஓடையைத் தாண்டியதும் அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். பாதை இருந்தது! புல் தேய்ந்து, மண் தெரிய, காட்டோரமாக வளைந்து வளைந்து மேலேறியது. வழுக்குகிற இடங்களில் யாரோ அக்கறையாகக் கல்கூடப் பதித்திருந்தார்கள்.

"அட, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு! இந்த அட்டைக்கடியில அலைஞ்சு எவ்வளவு சுத்தமா வேலை பார்த்திருக்க. உன்னை மாதிரி பிள்ளைங்களை நான் விடவே மாட்டேன்."

பயலுக்கு முகம் மலர வேண்டும்தானே? வியர்த்துக் கொட்டியது.

"அப்போ திரும்பிடலாமா மேடம்?"

"எங்க போய் முடியுதுன்னு பார்க்க வேணாமா? பார்த்துட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒரே ஒரு வீடுதான் மேடம். தேனீ வளர்க்கிறவர் வீடு. நாய் வேற கடிக்கும்."

"என்னைவிடவா? நடய்யா. ஆமா, இந்தப் பாதையில யாரு நடக்கிறா?"

"கூட்டம்னு சொல்ல முடியாது மேடம். ஆனா தினமும் நடமாட்டம் உண்டு."

மேடு ஏறியதும் வீடு தெரிந்தது. அதிகாரி மூச்சு வாங்கியபடி பின்னாலேயே வந்து நின்றார். கடிக்கும் என்ற நாய் ஓடிவந்து அவன்மேல் தாவி முகமெல்லாம் நக்கியது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தேனீக்காரரின் மகள் திரும்பிப் பார்த்து, இடுப்பில் கை வைத்தாள்.

"வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஒரு வாரமா நீங்க வராம, பாதை பூரா புல்லு முளைக்க ஆரம்பிச்சிடுச்சு!"