ஆறாவது பொம்மை

வளைகுடாவின் ஜெபல் அலி துறைமுகக் கிடங்கு ஆபீசில் மூன்று பேர் இருந்தோம். மேனேஜர் சேதுமாதவன் மேசைக்குப் பின்னால், பேக்கிங் பாலமுரளி அட்டைப்பெட்டி மேல், கிளார்க்கான நான் கதவோரம். மேசையில் கனடாவிலிருந்து வந்த ஆறு பொம்மைகள். பனிநாட்டு இனுயிட் மக்களின் ரோம அங்கி, ரோமக் குல்லா. ஒன்றுக்கும் கண், வாய் இல்லை.

“வெயில்ல வச்சு பெயிண்டை உருக்கிட்டியாடா? இதை ஆர்டர் பண்ணின சுசீலா மேடம் நாலு மணிக்கு வராங்க. இன்னொரு டேமேஜ்னா நீ ஊருக்குத்தான்.” மேனேஜர் பாலமுரளியிடம் எகிறினார்.

“சார், எங்கப்பா ஐயனார் குதிரைக்குக் கண்ணு வரையுறவரு. அரை மணி நேரம் குடுங்க.”

“சரி, ஜல்தி!”

பாலமுரளி மார்க்கரால் கண்ணும் வாயும் வரைந்தான். ஆறாவதை எடுத்தபோது மேடம் வந்துவிட்டார்.

ஐந்தையும் பார்த்து வெளிறியவர், ஆறாவதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இதைச் செய்யறவங்க முகமே வைக்க மாட்டாங்க. அதுக்காகத்தானே ஒரு வருஷம் காத்திருந்தேன்! யாரு கிறுக்கினது?”

மேனேஜர் திரும்பினார். “யாருடா உன்னை வரையச் சொன்னது?”

பாலமுரளி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

மாலையில் தொழிலாளர் கேம்ப் ரூமில், மனைவிக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னான். அவன் சொல்ல, நான் எழுதினேன்.

“அன்புள்ள வடிவுக்கு, நலம். கேட்காமலே லீவு கிடைத்திருக்கிறது. டிக்கெட்டும் கம்பெனியே போடுகிறது. மாதக் கடைசியில் வருகிறேன்.”

உறையை ஒட்டி, நானே தபாலில் சேர்த்தேன்.