மேனேஜருக்கு மருந்து

“அக்கா, மேனேஜருக்கு இன்னைக்கு நீங்களே மருந்து வெச்சிடுங்க.”

ஜன்னலுக்கு வெளியே நின்றபடி ஒரு காகிதப் பொட்டலத்தைக் கம்பிக்குள் நீட்டினாள் கொழுந்தன் மனைவி. உள்ளே கண்மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ரொட்டிக்குள்ள பொதிஞ்சு வைங்க. நான் வெச்சா மோப்பம் பிடிச்சுத் துப்பிடுது. உங்க கைன்னா நம்பித் திங்கும்.”

தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. இளையவள் செருப்பைப் போட்டும் போடாமலும் ஓடிவிட்டாள்.

மேனேஜர் அவர்கள் வீட்டு நாய். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏற இறங்கப் பார்க்கும். கையெழுத்து வாங்காத குறைதான். அதனால் வந்த பெயர்.

போன மாதம் அதற்கு வலிப்பு வந்தது. மாடிப்படிக்குக் கீழே நுரை தள்ளி, காலை இழுத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துக் குடியிருப்பே கதிகலங்கிப் போனது. வெறி பிடித்துவிட்டது என்றார்கள். மாடி வீட்டு வாத்தியார் மட்டும் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்.

“பேசாம மருந்து வெச்சிடுங்கம்மா. அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.”

எந்த மருந்து என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எலிக்கு வைக்கிற மருந்துதான்.

“முதல்ல உங்க வாய்க்கு வைக்கணும் சார்” என்று அன்றைக்கு அவரிடம் சண்டைக்குப் போனவள் இந்த இளையவள்தான். மூத்தவள் மகளின் பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு, முந்தைய நாள்தான் திரும்பியிருந்தாள். இந்தப் பத்து நாளில் இவள் மனதையும் கரைத்துவிட்டார்களே!

அதுவும், துப்பிவிட்டதாமே. அப்படியென்றால் ஏற்கெனவே வைத்துப் பார்த்திருக்கிறாள்.

பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு வெள்ளை மாத்திரைகள். சாக்கடையில் போட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டாள். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பிறகு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து எடுத்து வந்தாள். மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. தட்டைத் துடைத்துவிட்டு அவள் விரல்களையும் நக்கியது.

“என் கையாலயே கேட்டாளேடா” என்று அதன் காதில் சொன்னாள். சொன்னதும் கண் கலங்கியது. கடவுளே, சின்னப் பெண், அவளை மன்னித்துவிடு என்று வேண்டிக்கொண்டாள்.

இளையவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கோபத்தில் இருக்கிற நல்லவர்கள் கேள்வி கேட்பதில்லை.

அன்று முழுவதும் மூத்தவள் வாசலிலேயே உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள். நாய் அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. ஒவ்வொரு பொத்தான் ஓட்டையைத் தைத்து முடித்தபோதும் ஒருமுறை அதைத் தடவிக்கொடுத்தாள். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிறைவு அவளுக்கு. சாயங்காலம் அவள் வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை.

மூன்று மணி வாக்கில் பாதத்தின்மேல் இருந்த தாடை வெடவெடவென்று நடுங்கியது.

இந்த முறை வலிப்பு நிற்கவில்லை. ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று வந்தது. மூத்தவள் அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து வாத்தியார் இறங்கி ஓடிவந்தார். சட்டைகூடப் போடாமல் ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஆட்டோ வந்தபோது தேவைப்படவில்லை.

ஐந்தரை மணிக்கு வந்த இளையவள், பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள். வெகுநேரம் அதன் வயிற்றில் கையை வைத்திருந்தாள். பிறகு, தலை நிமிராமலே கேட்டாள்.

“காலைல வலிப்பு மாத்திரையைத் தின்னானாக்கா?”

வலிப்பு மாத்திரை.

அந்த ஒரு சொல்லில் மூத்தவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரோடு சாய்ந்தாள்.

“நான் கொடுக்கலடி. நீ விஷம் வைக்கச் சொல்றேன்னு நெனச்சுச் சாக்கடைல போட்டுட்டேன். பாவி நான், என் கையாலயே...”

ஈ ஒன்று நாயின் கண்மேல் உட்கார்ந்தது. இளையவள் அதை விரட்டினாள். மறுபடியும் உட்கார்ந்தது. மறுபடியும் விரட்டினாள்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “கொடுத்திருந்தாலும் தங்கியிருக்காதுக்கா. ரெண்டு மூணு நாள்தான்னு டாக்டர் நேத்தே கைய விரிச்சுட்டார். வந்ததும் வராததுமா உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.”

மூத்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடக்கிவைத்திருந்த அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் குழி தோண்டினார்கள். வாத்தியாரே கடப்பாரையோடு வந்து கல்லைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மாடியேறிவிட்டார்.

பழைய போர்வையில் சுற்றி இறக்கிக்கொண்டிருக்கும்போது, தொட்டிமேல் இருந்த இளையவளின் போன் அடித்தது. அவள் கைகளெல்லாம் மண்.

“யாருன்னு பாருங்கக்கா.”

மூத்தவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

“அம்மா, நாய் டாக்டர் கிளினிக்லருந்து கம்பவுண்டர் பேசறேன். பத்து நாளா வலிப்பே வரலைன்னு நேத்து சொன்னீங்கல்ல? டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். இனி மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பாமப் பாத்துக்கிட்டா, அது பாட்டுக்கு இன்னும் பல வருசம் ஓடும்னு சொல்லச் சொன்னார்.”

மூத்தவள் குழியைப் பார்த்தாள். குனிந்து, போர்வையின் ஓரத்தை ஒரு குழந்தைக்குப் போல இழுத்து மூடிவிட்டுக்கொண்டிருந்த இளையவளைப் பார்த்தாள்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

“யாருக்கா?”

“ராங் நம்பர்மா” என்றாள் மூத்தவள். சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரு கையாலும் மண்ணைத் தள்ளத் தொடங்கினாள்.