அடியில் யாரும் இல்லை

"எடுக்காத மக்கா, நில்லு! அடியில பாத்துட்டு வாறேன்."

விமலகுமாரி காரிலிருந்து இறங்கினாள். சேலையைச் சேர்த்துப் பிடித்து, கொதிக்கிற தாரில் கையூன்றிக் குனிந்தாள்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு முன்னால் ஒரு கார் அரை நிமிஷம் அசையாமல் நின்றால் போதும், ஊரிலுள்ள ஹாரன் எல்லாம் ஒன்றாகக் கத்தும். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் விஜயதாஸ். அந்த விபத்துக்குப் பிறகு ஒன்றரை வருஷமாக அவன் வண்டியைத் தொடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். பிள்ளை இப்படியே போய்விடுவானோ என்று பெற்றவள் அழாத நாளில்லை.

இன்று காலையில் பக்கத்து வீட்டு விமலகுமாரி வாசலில் வந்து நின்றாள்.

"நெய்யாற்றின்கரையில ஒரு சாமான் எடுக்கணும். வேற வண்டி வேண்டாம். நீதான் வரணும்."

அவளிடம் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வழியில் எங்கே நின்றாலும், புறப்படும் முன் அவள்தான் இறங்கிக் குனிந்து பார்த்தாள். கடையில் சாக்கு சுற்றி வைத்திருந்த கனமான சாமானை இரண்டு பேர் டிக்கியில் ஏற்றினார்கள். இனி பாறசாலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"எந்தா சேச்சி, அடியில பூனை ஏதும் உண்டோ?"

"இல்ல அண்ணா. பாத்தாத்தானே தெரியும்?"

"அத டிரைவர் எறங்கிப் பாக்கப்பிடாதா? ஆராக்கும் அது?"

விஜயதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்க தம்பியாக்கும்" என்றபடி விமலகுமாரி ஏறி உட்கார்ந்தாள். "எடு மக்கா."

"என்னால முடியாதுக்கா. நீங்க பஸ்ஸுல போங்க."

"நான் பாத்தாச்சு. அடியில யாரும் இல்ல. கிளட்ச மெல்ல விடு."

அவனுக்குக் கண் நிறைந்து ரோடு மங்கியது. துடைத்துக்கொண்டு கிளட்சை விட்டான். வண்டி நகர்ந்தது.

பாறசாலையில் சர்ச் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தச் சொன்னாள். டிக்கியைத் திறந்தாள்.

"ஒத்தைக்குத் தூக்க முடியாது. நீ ஒரு பக்கம் பிடி மக்கா."

தூக்கும்போது சாக்கு விலகியது. உள்ளே பளிங்குக் கல். 'அனூஜ், நான்கு வயது' என்று வெட்டியிருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், விமலகுமாரி வீட்டு முற்றத்தில் வெயிலுக்கு ஒதுங்கி இதே காரின் அடியில் விளையாடிக்கொண்டிருந்த அவளுடைய ஒரே மகன் அவன். அன்று விஜயதாஸ் குனிந்து பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான்.