தொடத் தடை

முதுகெலும்பை நீவிச் சரிசெய்யும் கைரோபிராக்டர் ஜெபராஜின் மணிக்கட்டுகளில் மருத்துவக் கவுன்சில் பட்டைகளைப் பூட்டியிருந்தது. டாக்டர் பட்டமில்லாத அவன் வைத்தியம் பார்க்கக் கூடாதாம்; யார் முதுகைத் தொட்டாலும் பட்டைகள் அவன் விரல்களை மரத்துப்போகச் செய்துவிடும்.

பிரசவ வார்டில் நர்ஸ் அவனிடம் மகளை நீட்டினாள். ஆசையாக ஏந்தினான். பிஞ்சு முதுகு பட்டதும் விரல்கள் மரத்துப்போயின. நழுவிய குழந்தையை நர்ஸ் பாய்ந்து பிடித்தாள்.

"இது என் புள்ள, டாக்டர்! இவளுக்கு நான் வைத்தியமா பாக்கப் போறேன்?" என்று பக்கத்தில் நின்ற டாக்டரிடம் கத்தினான்.

"பட்டைக்கு அதெல்லாம் தெரியாதுங்க. கவுன்சிலுக்கு எழுதிப் போடுங்க."

"அவங்க பதில் போடறதுக்குள்ள இவ நடக்க ஆரம்பிச்சிடுவா!"

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மனைவி ஷீலா மெல்ல எழுந்து உட்கார்ந்து, குழந்தையை வாங்கி அவன் மார்போடு அணைத்துப் பிடித்தாள். கைகள் துவண்டு தொங்க, ஜெபராஜ் குனிந்து மகளின் உச்சியை முகர்ந்தான்.