கிராணியின் ஸ்பவுஸ்

எழுபத்தொன்பதில் நடந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புது துரை வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பங்களாவில் தேநீர் விருந்து என்று அழைப்பிதழ் அடித்துவிட்டார். 'தங்கள் ஸ்பவுஸுடன் வரவும்' என்று கடைசி வரி.

அந்த ஒரு வார்த்தையால், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி கிளாரன்ஸுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. இந்தக் கதையை அவரேதான், "என்னை மாதிரி ஒரு அசடு இந்த மலையிலேயே கிடையாது" என்று ஆரம்பித்து எல்லாரிடமும் சொல்வார். அதனால் நாமும் தாராளமாகச் சிரிக்கலாம்.

ஒவ்வொருத்தராக ஆபீஸ் வாசலுக்கு வந்து அர்த்தம் கேட்டார்கள். கிளாரன்ஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விளக்கினார். வைஃப் என்பது வீட்டில் புழங்குகிற சொல்லாம். ஸ்பவுஸ் என்பது விண்ணப்பப் பாரத்திலும் பத்திரத்திலும் அழைப்பிதழிலும் வருகிற சொல்லாம். புருஷனுக்குப் பெண்சாதி ஸ்பவுஸ், பெண்சாதிக்குப் புருஷன் ஸ்பவுஸ், ரெண்டு பேருக்கும் ஒரே மரியாதை. கங்காணி வீரப்பனும் அவர் மனைவி ரஞ்சிதமும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டில் பிலோமி கேட்டபோதுதான் கிராணியின் விளக்கம் மாறிப்போனது.

பிலோமி அவருக்கு வாக்கப்படுவதற்கு முன்னால் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண், கொழுந்து பறித்தவள். இருபது வருஷமாக அந்தப் பங்களாவைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தே பழகியவள். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. தானா ராத்தா டவுனுக்குப் போய் நீலச் சேலைகூட எடுத்து வந்துவிட்டாள். கிளாரன்ஸுக்கோ வேறு பயம். துரைசானி இங்கிலீஷில் ஏதாவது கேட்டு இவள் திருதிருவென்று முழித்தால் தன் மானம் கப்பலேறிவிடுமே.

"ஸ்பவுஸ்னா நீ நினைக்கிற மாதிரி இல்லலா. இங்கிலீஷ் பேசுற பொண்டாட்டிய மட்டுந்தான் அப்படிச் சொல்வாங்க."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு பிலோமி சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

விருந்துக்குப் போய்ப் பார்த்தால் எல்லாரும் ஜோடி ஜோடியாக நிற்கிறார்கள். ரஞ்சிதம் ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'தேங்க்யூ' ஒன்றுதான். துரைசானி அவள் கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். ஒத்தையாக நின்றது நம் ஸ்பவுஸ் பண்டிதர் மட்டும்.

துரை நேரே அவரிடம் வந்து, உங்கள் ஸ்பவுஸ் எங்கே என்று விசாரித்தார்.

"ஃபீவர், சார்."

துரை நல்ல மனுஷன், அதுதான் வம்பாகப் போயிற்று. அங்கே கேக் தின்றுகொண்டிருந்த அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற டிரஸ்ஸர் அவர். மருந்துப் பெட்டியும் கையுமாக அவரை ஜீப்பில் ஏற்றி, கிராணி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கிளாரன்ஸ் கோப்பையோடு ஜன்னலோரம் போய் ஜீப் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரஸ்ஸர் போகும்போது பிலோமி குத்துக்கல் மாதிரி வாசலில் நின்று விறகு பிளந்துகொண்டிருப்பாள். கட்டின பெண்டாட்டியைக் கூட்டிவர வெட்கப்பட்டுப் பொய் சொன்ன கிராணி என்று திரிங்காப் வரைக்கும் ஊர் சிரிக்கும். துரை முகத்தில் இனி முழிப்பது எப்படி?

ஜீப் திரும்பி வந்தது.

"நூத்தி நாலு டிகிரி, சார்" என்றார் டிரஸ்ஸர். பேசக்கூட முடியாமல் சுருண்டு படுத்திருப்பதாகவும், மாத்திரை கொடுத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

கிளாரன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். பாழும் வாய் சொன்னது பலித்துவிட்டதே, மாதாவே என்று பதறிக்கொண்டு, ஜீப்புக்குக்கூடக் காத்திராமல் தேயிலைச் சரிவிலேயே இறங்கி ஓடினார். ரெண்டு தடவை வழுக்கி விழுந்தார்.

பிலோமி அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"நூத்தி நாலுன்னாரே டிரஸ்ஸர்?"

"காய்ச்சல்னு கிராணி சொன்னாராமேன்னு வாசல்லேர்ந்தே கேட்டுக்கிட்டு வந்தாரு. வெடுக்குனு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். வாயில காய்ச்சல் பாக்குற குச்சிய வச்சிட்டு அவரு மாத்திரை எடுக்கத் திரும்பினப்ப, பக்கத்துல சூடா இருந்த தேத்தண்ணியில அத முக்கி எடுத்து வச்சிக்கிட்டேன். துரை முன்னால நீங்க தலைகுனிஞ்சு நிக்கலாமா?"

கிளாரன்ஸ் சட்டையில் அப்பியிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினார்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு ரஞ்சிதம் நேத்தே சொல்லிட்டா" என்றாள் பிலோமி, கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி.

நாலு வார்த்தை நறுக்கென்று திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை.

"அது கெடக்கட்டும். உக்காருங்க. பங்களா உள்ள எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."