பன்னிரண்டாவது பை

நாற்பத்திரண்டாம் நாள், காலை ஏழே கால்.

ஆய்வு மாணவி முழங்கால் வரை ஓடையில் நின்று கடைசி வலைப்பையைத் தூக்கினாள்.

கனக்கவே இல்லை.

மற்ற பதினொன்றும் கரையில் கிடந்தன. எல்லாவற்றிலும் நாங்கு மரத்தின் இலை. நாங்கு மட்டும். எண்ணிப் போட்டவள் அவள்தான். அந்தத் தடித்த இலையை ஓடைப் பூச்சிகள் தின்று தீர்க்க எத்தனை நாள் ஆகும்? அதுதான் ஆய்வு.

பதினொன்றிலும் பாதிக்கு மேல் மிச்சம்.

இதில் நாங்கின் நரம்புகள் மட்டும். பின்னல் போல.

வலையை வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிசல் இல்லை.

முடிச்சைப் பார்த்தாள். அவள் போட்டதல்ல. அரிசி மூட்டைக்குப் போடும் முடிச்சு.

அவிழ்த்தாள்.

அடியில் ஒரு புழு ஊர்ந்தது. இரண்டு இலைத் துண்டுகளை ஒட்டி நடுவில் குடியிருக்கும் புழு. மேல் துண்டு வழுவழுத்தது. நாங்கு.

கீழ்த் துண்டு சொரசொரத்தது. விரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

அத்தி.

நெற்றியில் ஒரு தூறல் விழுந்தது. ஓடை பெருகினால் ஆய்வை மறுபடி செய்ய அடுத்த கோடைதான். அதுவரை விடுதியில் அவளுக்கு இடமில்லை. ஒரு பை பிசகினாலும் ஏற்க மாட்டேன் என்று நெறியாளர் சொல்லியிருந்தார்.

கரையில் மரியபுஷ்பம் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். விடுதிச் சமையல்காரி. போன மாதம் இவள் காய்ச்சலில் கிடந்த வாரம், ஓடைக்கு வந்து பைகளைப் பார்த்துக்கொண்டவள்.

"அக்கா, இதுல வேற இலை போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணுலதான். அத்தி, பலா, கொஞ்சம் நாவல்."

ஒளிக்கவில்லை. கேட்டதில் சந்தோஷம் போலத்தான் இருந்தது.

மாணவி குறிப்பேட்டை எடுத்தாள். பன்னிரண்டு என்ற எண்ணை அடித்துவிடப் பேனாவை வைத்தாள்.

கோடு பாதியில் நின்றது.

அத்தி போனது சரி. பலா போனதும் சரி. மற்ற பைகளில் பூச்சிகள் தொட யோசித்த நாங்கு, இதில் மட்டும் எங்கே போயிற்று?

புழு அவள் உள்ளங்கையில் வீட்டோடு நகர்ந்தது.

"ஏங்க்கா போட்டீங்க?"

மரியபுஷ்பம் சோற்றின் ஓரத்தில் துவையலை வைத்து நீட்டினாள்.

"வெறுஞ்சோறு எப்படி இறங்கும் பாப்பா? தொட்டுக்க ஏதாச்சும் வேணாமா?"