அறுபத்தொண்ணாம் வருஷத்துத் திராட்சை

மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த பிரெஞ்சு இன்ஜினீயர் கொடுத்துவிட்டுப் போன ஒயின் அது. இருபது வருஷமாகப் பீரோவில் படுக்கவைத்துக் காத்த பாட்டிலைப் பாலகோபால் அன்றுதான் திறந்தார். கூட இருந்தது நண்பர் சென்னியப்பன் மட்டும்.

"அறுபத்தொண்ணாம் வருஷத்துத் திராட்சைங்க. இப்பெல்லாம் எங்க தேடினாலும் கிடைக்காதாம். மெதுவாக் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

சென்னியப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னங்க, பேச்சையே காணோம்?"

"இருங்க. மொதல்ல நாவப்பழமாட்டம் நாக்கைப் புடிக்குதுங்க. அப்புறம் வெல்லப்பாகு. கடைசியில, மழை பேஞ்ச காட்டு மண்ணு வாசம்."

பாலகோபால் தன் கிளாஸிலிருந்து உறிஞ்சினார். முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க, மண்ணு வாசம்."

சென்னியப்பனின் காலி கிளாஸைக் கழுவ எடுத்துப் போன பாலகோபாலின் மனைவி பங்காரம்மா, சமையலறைக்குள் சென்னியப்பனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்ண்ணா, கிளாஸுல புளிச்ச காடி வாசமில்லீங்க அடிக்குது?"

"ஒயின் கெட்டுப்போச்சு அம்மணி. சத்தமாப் பேசாதீங்க."

"அவருக்குத்தான், கேன்சருக்குக் கரன்ட் வெச்சதுல வாசமும் ருசியும் போயிருச்சு. நீங்க எப்படிங்ண்ணா குடிச்சீங்க?"

"அதுக்குத்தானே கண்ணை மூடிக்கிட்டேன்."

ஹாலிலிருந்து பாலகோபால் குரல் கொடுத்தார். "ஏனுங்க, இன்னும் அரை பாட்டில் இருக்குதுங்க. ஊத்தட்டுங்களா?"

சென்னியப்பன் அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டார்.

"நெறைய ஊத்துங்க. வாரேன்."